நீறு பூத்த நெருப்பு

(தீபாவளிக்கு முன்பு நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பத்தைந்து பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்கப் பேசுகிறவள்தான் நான். ஆனால் சக ஆசிரியர்கள் முன்னால் நின்றால் கொஞ்சம் தடுமாறுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘பண்டிகைக் காலப் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதில் உங்களுக்குத் தெரியாத செய்தி அதிகம் இருக்காது. ஆண்டுதோறும் சுற்றறிக்கை வருகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கிறோம். அந்தப் பட்டியலைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. அதை வாசித்த பிறகும் நான் எங்கே தவறினேன், எங்கள் பள்ளியில் எதை மாற்றிக்கொண்டோம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் வயல் கூலி, கட்டட வேலை, செங்கல் சூளை என்று போகிறவர்கள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

பத்து உறுதிமொழிகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீபாவளி. விடுமுறைக்கு முந்தைய நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளை உறுதிமொழி எடுக்க வைத்தேன். நானே எழுதியது, மொத்தம் பத்து. பருத்தி ஆடை அணிவேன். பெரியவர்கள் உடன் இருக்கும்போது மட்டும் பட்டாசு வெடிப்பேன். பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்வேன். நீளமான ஊதுவத்தியால் பற்றவைப்பேன். வெடியைக் கையில் பிடித்துக் கொளுத்த மாட்டேன். இப்படிப் பத்தும் முடிந்தது. வலது கையை நீட்டிக்கொண்டு அத்தனை பிள்ளைகளும் உரக்கச் சொன்னார்கள். படம் எடுத்தோம், அறிக்கை அனுப்பினோம். கடமை முடிந்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

தீபாவளிக்கு மறுநாள் மதியம் கைப்பேசியில் அழைப்பு வந்தது. எங்கள் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். வலது உள்ளங்கையும் விரல்களும் வெந்துவிட்டன. புருவமும் முன்தலை முடியும் கருகியிருக்கின்றன. கண் தப்பியது.

நடந்தது இதுதான். காலையில் அவனும் தெருப் பையன்கள் மூன்று பேரும் சேர்ந்து, முந்தின இரவு வெடிக்காமல் கிடந்த வெடிகளைப் பொறுக்கியிருக்கிறார்கள். திரி எரிந்து புஸ்ஸாகிப் போனவை, நமத்துப்போனவை, சரத்திலிருந்து சிதறியவை. அவற்றைப் பிரித்து, உள்ளே இருந்த மருந்தை ஒரு செய்தித்தாளில் கொட்டிக் குவித்திருக்கிறார்கள். காகிதத்தின் ஓரத்தில் தீக்குச்சியை வைத்தவன் இவன். ‘குப்’பென்று ஒரே ஒரு நொடி. அவ்வளவுதான்.

மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். அவன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “தீபாவளி அன்னைக்குக் கண்ணைக் கொட்டாம இவன் பக்கத்துலயே நின்னேன் டீச்சர். ஒரு பொறிகூட மேல படல. மறுநாள் நடவுக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டேன்” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

பிறகு அவன் பக்கம் குனிந்து, “ஏன்டா கண்ணு, அன்னைக்குத்தானே உறுதிமொழி எடுத்தோம்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னான்.

“நீங்க சொன்ன பத்தும் செஞ்சேன் டீச்சர். இது அதுல இல்லையே.”

வீட்டுக்கு வந்து என் தாளை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அதில் அது இல்லை.

யாருக்காக எழுதினேன்?

அந்தப் பத்து உறுதிமொழிகளும் பட்டாசு வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரமான கடையில் வாங்கு, பெட்டியோடு பத்திரமாக வை, அப்பாவோடு சேர்ந்து வெடி. வாங்கிக் கொடுக்க வீட்டில் காசு இருந்தால்தான் இவற்றுக்கெல்லாம் பொருள் உண்டு. அந்தப் பையனுக்கு அந்த ஆண்டு கிடைத்தது ஒரு பெட்டி கம்பி மத்தாப்பும் ஒரு பாக்கெட் பிஜிலி வெடியும். அரை மணி நேரத்தில் தீர்ந்துபோயிருக்கும். அவன் தீபாவளி மறுநாள் காலையில், மற்றவர்கள் வெடித்து முடித்த தெருவில்தான் தொடங்கியது. அவன் கையைச் சுட்டது அவன் வீட்டார் வாங்கிய வெடியல்ல.

இங்கே உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். காகிதக் குப்பையில் குனிந்து வெடி பொறுக்கும் பிள்ளைகள் நம் வகுப்பறையில்தான் இருக்கிறார்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

‘நீறு பூத்த நெருப்பு’ என்று நம் வழக்கில் ஒரு சொல் உண்டு. மேலே சாம்பல் மூடியிருக்கும், உள்ளே கனல் இருக்கும். பண்டிகை விபத்துகளை யோசித்துப் பார்த்தால், எரிகிற தீயைப் பார்த்து எல்லோரும் கொஞ்சம் விலகித்தான் நிற்கிறோம். அணைந்துவிட்டது என்று நினைத்துக் கிட்டே போகும்போதுதான் பல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். புஸ்ஸாகிப் போன வெடி, எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி, போகிச் சாம்பல் எல்லாம் இந்த வகைதான்.

வெடிக்காத வெடி ஏன் ஆபத்து?

அறிவியல் ஆசிரியை என்பதால் இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். வகுப்பில் ‘எரிதல்’ நடத்தும்போது மூன்று வேண்டும் என்கிறோம்: எரிபொருள், ஆக்சிஜன், எரிவெப்பநிலை. விளக்கை டம்ளரால் மூடினால் அணைகிறது என்று செய்துகாட்டுகிறோம். பிள்ளைகள் மனதில் அது பதிந்துவிடுகிறது. வெடியில் நிலைமை வேறு. அதன் மருந்திலேயே ஆக்சிஜனைக் கொடுக்கும் வேதிப்பொருளும் கலந்திருக்கிறது. வெளிக்காற்றை அது எதிர்பார்ப்பதில்லை. மண்ணைப் போட்டு மூடினாலும், கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தாலும், உள்ளே ஒரு பொறி இருந்தால் வெடிக்கும். மூடியிருக்கும் பொருளும் சிதறி முகத்தில் அடிக்கும்.

திரி எரிந்து நின்றுவிட்டதுபோலத் தெரியும். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். பையன் குனிந்து ஊதிப் பார்ப்பான். அந்த நேரம் பார்த்து வெடிக்கும். முகத்திலும் கண்ணிலும் இப்படி அடிபடுவது உண்டு.

அடுத்தது மருந்தைப் பிரித்தெடுப்பது. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசிப் பகுதியில் தயாராகிறது. அங்கே வெடிமருந்தைக் கையாளும் இடத்தில் இரும்புக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. உராய்வில் பொறி வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். தொழில் பழகிய பெரியவர்களே அவ்வளவு எச்சரிக்கையோடு தொடுகிற பொருளை, நம் பையன்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கவராயத்தின் முனையால் சுரண்டி எடுக்கிறார்கள். இந்த ஒரு ஒப்பீட்டைச் சொன்னதும் எங்கள் எட்டாம் வகுப்பு முழுக்க அமைதியாகிவிட்டது.

சிவகாசியைச் சொன்னதால் இன்னொன்று. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். நம்மில் பலர் பள்ளியில் விழா கொண்டாடிக்கொண்டிருந்த அன்று, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். முதல் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து மக்கள். முதல் வெடிப்போடு முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். எங்காவது பட்டாசுக் கடையிலோ வீட்டிலோ தீ என்றால் அருகில் போகாதே, எதிர்ப்பக்கம் விலகி ஓடு, பெரியவர்களிடம் சொல் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வது இந்த நிகழ்வை வைத்துத்தான்.

கேட்டால்தான் தெரிகிறது

அடுத்த ஆண்டு நான் உறுதிமொழித் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பு ஏழாம் வகுப்பில் எல்லோரையும் தரையில் வட்டமாக உட்கார வைத்து, “யாரையும் திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன், வீட்டிலும் சொல்ல மாட்டேன். வெடியை வச்சு நீங்க உண்மையில என்னென்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

முதல் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவன் தொடங்கினான். அப்புறம் நிறுத்த முடியவில்லை. பிஜிலி வெடியைக் கையில் கொளுத்தி வீசுவது. யார் கடைசிவரை பிடித்திருக்கிறார்கள் என்று போட்டி. டப்பாவைக் கவிழ்த்து அது எவ்வளவு உயரம் பறக்கிறது என்று பார்ப்பது. சாணியில் செருகி வெடிப்பது. ராக்கெட்டைப் பாட்டிலில் சாய்த்து வைத்து எதிர்வீட்டுத் திண்ணைக்குக் குறிவைப்பது. நாயின் வாலில் கட்டுவது. நான்கைந்து வெடிகளின் திரியை முறுக்கி ஒன்றாக்குவது. சட்டைப்பையில் வெடியும் தீப்பெட்டியும் சேர்த்துப் போட்டுக்கொண்டு திரிவது. மறுநாள் மருந்து கொட்டிக் கொளுத்துவீர்களா என்று கேட்டபோது வகுப்பில் பாதிக்கு மேல் கை உயர்ந்தது. உயர்த்தியதில் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

என் பத்து உறுதிமொழிகளில் ஒன்றிரண்டைத் தவிர இவை எதுவும் இல்லை. அவர்கள் சொன்னதை அவர்களே கரும்பலகையில் எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘என்ன நடக்கும்’ என்பதையும் அவர்களே எழுதினார்கள். அவர்கள் எழுதிய பட்டியல் அவர்களுக்கு மறக்கவில்லை.

சொன்னதைச் செய்து பழகுதல்

பிறகு விளையாட்டு மைதானத்தில் ஒரு பாடவேளை. நெருப்பும் இல்லை, வெடியும் இல்லை. ஒரு செங்கல், அதன்மேல் வெடிக்குப் பதில் ஒரு சாக்பீஸ், பற்றவைக்காத நீள ஊதுவத்தி, ஒரு வாளித் தண்ணீர். ஒவ்வொருவராக வந்து செய்து காட்ட வேண்டும். குனியாமல், பக்கவாட்டில் நின்று, கையை நீட்டித் திரியைத் தொட வேண்டும். தொட்டதும் திரும்பிப் பார்க்காமல் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வர வேண்டும். ‘வெடிக்கவில்லை’ என்று நான் சொன்னால் என்ன செய்வது? அங்கேதான் தேர்வு. பாதிப் பேர் முதல் முறை திரும்பவும் வெடியை நோக்கி நடந்தார்கள். கால் தானாகப் போகிறது. திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் நின்றார்கள்.

விதி எளிமையானது. வெடிக்காத வெடியின் அருகே குறைந்தது அரை மணி நேரம் யாரும் போகக் கூடாது. பிறகு பெரியவர் ஒருவர் எட்ட நின்று அதன்மேல் வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும். மறுபடி பற்றவைக்கும் பேச்சே கிடையாது.

மத்தாப்புக் கம்பி பற்றியும் பழக்க வேண்டும். கம்பி மத்தாப்பு என்றால் கைக்குழந்தையிடம்கூடக் கொடுக்கிறோம். அது எரியும்போது வெப்பம் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். எரிந்து முடிந்து கறுத்துப்போன கம்பியும் சில நிமிடங்கள் சுடும். அதை வாசலில் போட்டுவிடுகிறோம், பின்னால் வெறுங்காலோடு ஓடி வரும் தங்கை மிதிக்கிறாள். முடிந்த கம்பி நேராக வாளித் தண்ணீருக்குள் போக வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட இதை விளையாட்டாகப் பழக்கிவிடலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதுத்துணி விஷயத்தில் நான் தோற்றுத்தான் போனேன். “புதுத்துணி போடாம என்ன டீச்சர் தீபாவளி?” என்று அம்மாக்கள் கேட்டால் பதில் இல்லை. இப்போது இப்படிச் சொல்கிறோம்: புதுத்துணியோடு சாமி கும்பிடு, பலகாரம் சாப்பிடு, நாலு வீட்டுக்குப் போய் வா. பட்டாசைத் தொடும் முன்பு பள்ளிச் சீருடைக்கு மாறிக்கொள். நைலான், பாலியெஸ்டர் துணி பற்றினால் உருகித் தோலோடு ஒட்டும். பெரிய பாவாடையும் தொங்கும் துப்பட்டாவும் தரைச் சக்கரத்தின் பக்கத்திலேயே ஆகாது. பெண் பிள்ளைகள் துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது இடுப்பில் இறுக்கிக் கட்ட வேண்டும்.

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ கூடும். ‘நில், படு, உருள்’ என்ற மூன்று சொற்களை உடற்கல்வி ஆசிரியர் விசிலோடு பழக்கினார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உருள வேண்டும். தார்ப்பாய் விரித்துச் செய்யச் சொன்னோம். சிரித்துக்கொண்டே செய்தார்கள். சிரித்துக்கொண்டே பழகியது அவசரத்தில் கைகொடுக்கும்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் என்று வரம்பு வைத்தது. அதையொட்டி நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று நேரம் வகுக்கப்பட்டது. பெரியவர்கள் வீட்டில் இருக்கும் நேரமும் அதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அதற்கு வெளியே தனியாக வெடிக்கும் வெடிதான் நமக்குக் கவலை.

இருபது நிமிடம் என்றால் எவ்வளவு நேரம்?

அந்தப் பையனைத் தெருவில் முதலில் தூக்கியவர்கள் அவன் கையில் பற்பசையைப் பூசியிருக்கிறார்கள். இன்னொரு பாட்டி அதற்கு மேல் இட்லி மாவைக் கொட்டியிருக்கிறார். அன்பினால் செய்ததுதான். மருத்துவமனையில் செவிலியர் அவ்வளவையும் வெந்த தோலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த வலியைத்தான் தாங்க முடியவில்லை என்று அவன் பின்னால் சொன்னான்.

தீக்காயத்துக்கு முதல் மருந்து தண்ணீர். சாதாரணக் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம். பனிக்கட்டி கூடாது, அது தோலை மேலும் கெடுக்கும். பேனா மை, மஞ்சள், காபித்தூள், எண்ணெய், பற்பசை, மாவு எதுவும் கூடாது.

இருபது நிமிடம் என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஆனால் அது எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவியின் கையைக் குழாயடியில் காட்டச் சொல்லி மற்றவர்களைக் கடிகாரம் பார்க்கச் சொன்னேன். மூன்றாம் நிமிடத்திலேயே “போதுமா டீச்சர்?” என்றார்கள். இருபது நிமிடம் என்பது ஏறக்குறைய ஒரு பாடவேளையில் பாதி. குழாய் இல்லாத வீட்டில் குடத்திலிருந்து சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றலாம். இரண்டு பேர் மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை என்பது செய்து பார்த்தபோதுதான் புரிந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையல், கயிறுகளைக் கழற்றிவிட வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிய பிறகு, சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி அழைத்துப் போக வேண்டும். உடலில் பெரும் பகுதி வெந்திருந்தாலோ குழந்தை மிகச் சிறியதாக இருந்தாலோ, உடல் முழுக்க நனைத்துக் குளிர வைத்துவிடக் கூடாது. வெந்த இடத்துக்கு மட்டும் தண்ணீர், மற்ற இடத்துக்குப் போர்வை, உடனே 108. கண்ணில் அடிபட்டால் தேய்க்கக் கூடாது. எதையும் எடுக்க முயலக் கூடாது. அழுத்தாமல் ஒரு காகிதக் கப்பால் மூடி நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். தீயணைப்புக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112. இந்த எண்களைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். தெரு, கோயில், பேருந்து நிறுத்தம் என்று தங்கள் வீட்டுக்கு அடையாளம் சொல்லவும் பழக்குங்கள். எண் தெரிந்தும் இடம் சொல்லத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு.

கார்த்திகையும் போகியும்

தீபாவளியோடு நம் வேலை முடியவில்லை. அடுத்த மாதம் கார்த்திகை தீபம். எங்கள் பக்கத்தில் பனம்பூவைக் கரியாக்கிப் பொடித்து, துணியில் கட்டி, மட்டைக்கிடையே வைத்து, கயிற்றில் கோத்துச் சுற்றுவார்கள். மாவளி என்று பெயர். இருட்டில் பொறிப்பூக் கொட்டுவதைப் பார்க்க இரண்டு கண் போதாது. இதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. கடையில் வாங்காமல் பிள்ளைகள் கையால் செய்யும் அழகான ஒன்று. ஆனால் வைக்கோல் போருக்கும் கூரை வீட்டுக்கும் பக்கத்தில் கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் சுற்ற வேண்டும். கயிற்றின் முடிச்சைப் பெரியவர் இழுத்துப் பார்த்த பிறகே நெருப்பு வைக்க வேண்டும். சொக்கப்பனை கொளுத்தும்போது காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். எரிந்த ஓலை காற்றோடுதான் பறந்து வரும்.

அடுத்தது போகி. வட மாவட்டங்களில் விடியற்காலை இருட்டில் பழையதைக் கொளுத்தி, பிள்ளைகள் கொட்டு அடிக்கும் பழக்கம் உங்களுக்குத் தெரியும். நாம் சிறுவயதில் எரித்தது பழம்பாய், கிழிந்த முறம், துடைப்பம், வைக்கோல். இன்றைக்குப் பழையது என்றால் டயர், பிளாஸ்டிக் குடம், மெத்தை, மின்கம்பி. எரிகிற பொருள் மாறிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை. பனியோடு புகை சேர்ந்து, போகிக் காலையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆஸ்துமா உள்ள நம் மாணவனுக்கு அந்தக் காலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் புகையில்லாப் போகிக்கு வேண்டுகோள் விடுக்கிறது.

போகித் தீயில் எதைப் போடக் கூடாது என்பதைப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். வாசனைத் தெளிப்பான், கொசு மருந்து டப்பா, பேட்டரி, பழைய பல்பு. மூடிய டப்பா சூடேறினால் வெடிக்கும். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே வாயு மிச்சம் இருக்கும். ஈரத்தில் பிடிக்காத தீக்குப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றவே கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். தீ அதன் வழியே ஊற்றுகிறவர் கையில் இருக்கும் கேன் வரை ஓடி வரும். மின்கம்பிக்குக் கீழே, வண்டி நிற்கும் இடத்தில், கூரைக்கு அருகில் தீ மூட்டக் கூடாது. குளிருக்குச் சுற்றிய கம்பளியின் நுனி தீயில் தொங்கும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைக்குத் தெரியாது.

எட்டு மணிக்கெல்லாம் எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். தெருவில் சாம்பல் மேடு இருக்கும். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு. பந்து உருண்டு அதில் விழும், பிள்ளை எடுக்கப் போவான். தலைப்பில் சொன்ன நீறு பூத்த நெருப்பு அதுதான். போகித் தீயை மூட்டியவரே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

மறுநாள் வாளி

கடைசியாக, நாங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவு செய்த ஒன்று. இதற்குப் பணம் தேவையில்லை. தீபாவளி இரவு பட்டாசு வெடித்து முடித்ததும், தூங்கப் போகும் முன்பு, ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும் தங்கள் வாசலுக்கு எதிரே கிடக்கும் மிச்சத்தின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெடிக்காதது கண்ணில் பட்டால் நன்றாக நனைத்து, விடியும்வரை வாளித் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பிள்ளைகள் இதற்கு ‘மறுநாள் வாளி’ என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரே வரி அனுப்புவேன்: “வேலைக்குப் போகும் முன் வாசலைப் பாருங்கள்.” வேலைக்குப் போகும் அம்மாக்களை நினைத்துத்தான் அந்த நேரம்.

பள்ளி திறக்கும் நாளில் பையில் வெடியோடு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். சோதனை போட்டுப் பிடித்து அடித்தால் அடுத்த ஆண்டு இன்னும் ஆழமாக ஒளித்து வைப்பார்கள். பயப்படாமல் என்னிடம் சொன்னால் போதும் என்பது எங்கள் வழக்கம். வாங்கித் தண்ணீரில் போட்டுவிட்டு வகுப்பைத் தொடங்குவோம்.

அந்த மாணவனைப் பற்றிக் கேட்பீர்கள். அரையாண்டுத் தேர்வை அவன் சொல்லச் சொல்ல வேறொரு மாணவன் எழுதினான். மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றும் முழுதாக நீளாது. அவன் இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறான். போன ஆண்டு தீபாவளிக்கு முன்பு ஏழாம் வகுப்பில் வந்து பேசுகிறாயா என்று கேட்டேன். “கூச்சமா இருக்கு டீச்சர்” என்று மறுத்துவிட்டான். நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு என் செய்திக்குப் பதிலாக ஒரு படம் வந்தது. அவர்கள் தெருவின் படம். ஈரமான காகிதக் குப்பை, ஓரத்தில் நீல நிற வாளி ஒன்று. எழுத்து எதுவும் இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த ஆண்டு உறுதிமொழி எடுக்க வைப்பதற்கு முன்பு, ஒரு பாடவேளை பிள்ளைகளை உட்கார வைத்து, “நீங்கள் உண்மையில் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் எது உங்கள் பட்டியலில் இல்லையோ, அதிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.